காந்தப் புலத்தில் காந்த இருமுனையின் வேலையும் ஆற்றலும்

காந்தப் புலத்தில் உள்ள ஒரு காந்த இருமுனையைத் திருப்புவதற்குச் செய்யப்படும் வேலை, அவ்விருமுனையின் நிலையாற்றலாகச் சேமிக்கப்படுகிறது. சட்டக் காந்தம், திசைகாட்டி ஊசி, மின்னோட்டம் பாயும் கம்பிச்சுருள், அணுவில் உள்ள எலக்ட்ரான் ஆகிய அனைத்தும் காந்த இருமுனைகளே. இருமுனையின் வலிமையைக் குறிக்கும் அளவு காந்தத் திருப்புத்திறன் எனப்படும். இதன் அலகு ஆம்பியர் மீட்டர்² ஆகும்.

இந்த ஆற்றலின் விளைவை இயற்கையிலேயே காணத்தக்க இடங்களுள் ஒன்று தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. மொரப்பூருக்குக் கிழக்கே, அரூர் வட்டத்தில் அமைந்துள்ள தீர்த்தமலைப் பகுதியில் மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது குவார்ட்சுடன் கலந்து பாறையாகக் காணப்படுகிறது. சேலம் அருகே உள்ள கஞ்சமலைத் தாதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. வில்லியம் கிங், புரூஸ் ஃபுட் ஆகிய நிலவியலாளர்கள் 1860களில் இப்பகுதியின் தாதுப் படிவுகளை ஆராய்ந்து எழுதினர். இத்தகைய பாறையின் அருகே கொண்டு செல்லப்படும் திசைகாட்டி வடக்கைக் காட்டாமல் விலகி நிற்கக்கூடும். பாறையின் புலமும் புவியின் புலமும் கூடிய தொகுபுலத்தில் தன் ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் திசையில் ஊசி நிற்பதே அதற்குக் காரணம்.

வேலையைக் கணக்கிடல்

சீரான காந்தப் புலத்தில் இருமுனையின் இரு முனைகளிலும் சமமான, எதிர்த்திசை விசைகள் செயல்படுவதால் தொகுபயன் விசை சுழியாகும். ஆனால் அவ்விசைகள் இணைந்து ஒரு திருப்பு விசையைத் தருகின்றன:

திருப்பு விசை = திருப்புத்திறன் × புலம் × சைன்(கோணம்)

இங்குக் கோணம் என்பது திருப்புத்திறனின் திசைக்கும் புலத்தின் திசைக்கும் இடைப்பட்டது. இத்திருப்பு விசைக்கு எதிராக இருமுனையைச் சிறுகச் சிறுகத் திருப்பும்போது ஒவ்வொரு சிறு கோணத்திற்கும் செய்யப்படும் வேலையைத் தொகையிட்டால் கிடைப்பது:

வேலை = திருப்புத்திறன் × புலம் × [கோசைன்(தொடக்கக் கோணம்) − கோசைன்(இறுதிக் கோணம்)]

ஆற்றலை எந்த நிலையிலிருந்து அளப்பது என்பது நம் விருப்பம். இருமுனை புலத்திற்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில், உள்ள நிலையைச் சுழியாகக் கொள்வது வழக்கம். அவ்வாறு கொண்டால்,

நிலையாற்றல் = − திருப்புத்திறன் × புலம் × கோசைன்(கோணம்)

மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே. 90 பாகையில் ஆற்றல் சுழி என்பதால் அங்கு இருமுனை அமைதியாக நிற்கும் என்று எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அந்த நிலையில்தான் திருப்பு விசை பெரும மதிப்பை அடைகிறது. திருப்பு விசை சுழியாவது 0 பாகையிலும் 180 பாகையிலும் மட்டுமே. முதலாவது ஆற்றல் மிகக் குறைந்த உறுதிச் சமநிலை. இரண்டாவது ஆற்றல் மிகுந்த உறுதியற்ற சமநிலை. 180 பாகையில் நிற்கும் ஊசியைச் சற்றே அசைத்தாலும் அது முழுவதுமாகத் திரும்பிவிடும்.

அளவு எவ்வளவு?

தமிழ்நாட்டில் புவிகாந்தப் புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்குப் புலம் பெரும்பாலும் கிடையாகவே உள்ளது. தும்பா ஏவூர்தித் தளத்திற்கு இடம் தேர்ந்ததற்கும் இந்தக் காந்த நடுக்கோட்டின் அண்மையே காரணம்.

பள்ளி ஆய்வகத்துச் சட்டக் காந்தம் ஒன்றின் திருப்புத்திறன் 1 ஆம்பியர் மீட்டர்² எனக் கொள்வோம். வடக்கு நோக்கியுள்ள அதனைத் தெற்கு நோக்கித் திருப்பச் செய்ய வேண்டிய வேலை 2 × 1 × 0.00004 = 0.00008 ஜூல். ஒரு கிராம் எடைக்கல்லை 8 மில்லிமீட்டர் உயர்த்துவதற்கு இதே அளவு வேலை போதும். ஆற்றல் சிறிதெனினும் உராய்வு குறைந்த கூர்முனையில் நிற்கும் ஊசியைத் திருப்ப அது தாராளம்.

இச்சிறிய ஆற்றலைக் கொண்டே காஸ் 1832இல் புவியின் காந்தப் புலத்தைத் தனி அலகுகளில் அளந்தார். தொங்கவிடப்பட்ட காந்தம் அலைவுறும் நேரத்திலிருந்து திருப்புத்திறன், புலம் ஆகியவற்றின் பெருக்கற்பலனும், அதே காந்தம் வேறோர் ஊசியை விலக்கும் கோணத்திலிருந்து அவற்றின் விகிதமும் கிடைக்கும். இரண்டும் தெரிந்தால் இரு அளவுகளையும் தனித்தனியே பெறலாம்.

வேலையைச் செய்வது யார்?

காந்தப் புலம் இயங்கும் மின்னூட்டத்தின் மீது செலுத்தும் விசை எப்போதும் அதன் திசைவேகத்திற்குச் செங்குத்தானது; ஆகவே அவ்விசை வேலை எதுவும் செய்வதில்லை. அவ்வாறாயின் மின்சுருளைத் திருப்பும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்னும் வினா எழும்.

விடை மின்கலத்தில் உள்ளது. சுருள் திரும்பும்போது அதனூடே செல்லும் காந்தப் பாயம் மாறுவதால் எதிர் மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது. மின்னோட்டத்தை மாறாமல் வைத்திருக்க, அதற்கு எதிராக மின்கலம் கூடுதல் ஆற்றல் வழங்க வேண்டும். புறப்புலத்தைத் தரும் மின்காந்தத்தின் மின்மூலமும் அதே அளவு ஆற்றல் வழங்குகிறது. இவ்விரு பங்குகளுள் ஒன்றுக்குச் சமமான அளவு இயந்திர வேலையாகிறது. எஞ்சியது காந்தப் புலத்தின் ஆற்றலைக் கூட்டுகிறது. எனவே மேற்கண்ட நிலையாற்றல் வாய்பாடு திருப்பு விசையைச் சரியாகத் தருமே அன்றி, மின்மூலங்களும் சேர்ந்த அமைப்பின் முழு ஆற்றல் அன்று. மின்னோடியைப் பயில்வோர் இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வது நன்று.

எலக்ட்ரானின் தற்சுழற்சியால் அமைந்த திருப்புத்திறனுக்கு மின்கலம் ஏதுமில்லை. அது எலக்ட்ரானின் மாறாத பண்பு ஆகும்.

சீரற்ற புலமும் தாதுப் பிரிப்பும்

புலம் இடத்திற்கு இடம் மாறுமாயின் இருமுனையின் ஆற்றலும் இடத்தைப் பொறுத்து மாறும். அப்போது திருப்பு விசையோடு இழுவிசையும் தோன்றுகிறது. புலத்தின் திசையில் திரும்பிவிட்ட இருமுனைக்கு இவ்விசை, திருப்புத்திறனைப் புலம் தொலைவுடன் மாறும் வீதத்தால் பெருக்கியதற்குச் சமம். காந்தத்தின் முனையருகே இரும்புத்துகள் ஓடிச்சென்று ஒட்டுவது இதனால்தான்.

தீர்த்தமலை, கஞ்சமலை வகைத் தாதுவில் இரும்பின் பங்கு 35 முதல் 40 விழுக்காடு அளவே. அதை அப்படியே உலையிலிட இயலாது; பொடியாக்கிக் குவார்ட்சை நீக்க வேண்டும். ஒரு கிராம் மேக்னடைட்டின் தெவிட்டுநிலைத் திருப்புத்திறன் ஏறத்தாழ 0.09 ஆம்பியர் மீட்டர்². மீட்டருக்கு 5 டெஸ்லா வீதம் புலம் மாறும் இடத்தில் அதன் மீது 0.45 நியூட்டன் விசை செயல்படும். அதன் எடையோ 0.01 நியூட்டனுக்கும் குறைவு. பிரிப்பான் உருளைக்கு அருகே தெவிட்டுநிலை எட்டப்படாமல், பாதியளவே காந்தமாக்கப்பட்டாலும் எடையைப் போல் இருபது மடங்குக்கு மேற்பட்ட விசை கிடைக்கும். குவார்ட்சு காந்தப் புலத்தால் மிக நலிவாக விலக்கப்படுவது. அது உருளையில் ஒட்டாமல் கீழே விழுந்துவிடும்.

அணுவும் வெப்பமும்

எலக்ட்ரானின் திருப்புத்திறன் ஏறத்தாழ ஒரு போர் மாக்னெட்டான், அதாவது 9.27 × 10⁻²⁴ ஜூல்/டெஸ்லா. 1 டெஸ்லா புலத்தில் கூட இதன் திசையாற்றல், அறை வெப்பநிலையில் நிலவும் வெப்ப ஆற்றலில் ஏறக்குறைய 450இல் ஒரு பங்கே. தனித்த அணுக்களைப் புலம் ஒழுங்குபடுத்த முடியாமல் வெப்பம் கலைத்துவிடுவது இதனால்தான். மேக்னடைட்டில் அண்டை அணுக்கள் ஒன்றையொன்று வலுவாகப் பிணைத்துக் கொள்வதால், துகள் முழுவதும் ஒரே பெரிய இருமுனைபோல் நடக்கிறது. இப்பிணைப்பு ஏறத்தாழ 580 பாகை செல்சியசில் அற்றுப்போகிறது. இது மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை ஆகும்.

பக்கத்திற்கு 100 நானோமீட்டர் உள்ள ஒரு மேக்னடைட் துகளுக்குப் புவியின் புலத்தில் உள்ள திசையாற்றல், வெப்ப ஆற்றலைப் போல் சுமார் ஐந்து மடங்கு. சேற்றில் வாழும் சிலவகை பாக்டீரியாக்கள் இதனினும் சிறிய மேக்னடைட் துகள்களைச் சங்கிலியாகத் தம் உடலுக்குள் அடுக்கி, அவற்றின் திருப்புத்திறன்களைக் கூட்டிக் கொள்கின்றன. 1975இல் ரிச்சர்ட் பிளேக்மோர் இவற்றைப் பற்றி எழுதினார். இச்சங்கிலியின் திசையாற்றல் வெப்ப ஆற்றலைப் போல் பத்து மடங்கு அளவில் அமைவதால், நீரின் மூலக்கூறுகள் ஓயாமல் மோதியும் அவை புலக்கோட்டின் வழியே நீந்துகின்றன.