டூம் மெட்டல்

டூம் மெட்டல் என்பது ஹெவி மெட்டல் இசையின் ஒரு கிளை வகையாகும். மெதுவான தாளகதி, சுருதி தாழ்த்தப்பட்ட கிதார்கள், கனத்த ஒலி, துயரமும் அச்சமும் தோய்ந்த பாடல்வரிகள் ஆகியன இதன் அடையாளங்கள். 1970களின் தொடக்கத்தில் பிளாக் சாபத் இசைக்குழு உருவாக்கிய ரிஃப்களே இவ்வகைக்கு அடிப்படையாகும். ரிஃப் என்பது ஒரு பாடலில் திரும்பத் திரும்ப இசைக்கப்படும் சிறிய சுரத்தொடரைக் குறிக்கும்.

தோற்றம்

பிளாக் சாபத் 1968 இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் தொடங்கப்பட்டது. இதன் கிதார் கலைஞர் டோனி ஐயோமி, தமது 17ஆவது அகவையில், உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் நடுவிரல், மோதிர விரல் ஆகியவற்றின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்திகளை அழுத்தும் கை அதுவே. நெகிழிப் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி அவர் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். 1971 இல் வெளிவந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி தொகுப்பின் சில பாடல்களில் கிதாரின் சுருதியை மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்தினார். தந்திகள் தளர்ந்ததால் விரல்களுக்கு எளிதாயிற்று. ஒலியும் மேலும் கனத்தது. பின்வந்த டூம் மெட்டல் குழுக்கள் பலவும் இம்முறையைப் பின்பற்றின.

இசைக்கூறுகள்

பிளாக் சாபத்தின் முதல் தொகுப்பு (1970) அக்குழுவின் பெயரையே கொண்ட பாடலுடன் தொடங்குகிறது. அதன் ரிஃப், ஆறு அரைச்சுர இடைவெளியைப் பயன்படுத்துகிறது. கருநாடக இசையில் சட்சத்திற்கும் பிரதி மத்தியமத்திற்கும் உள்ள இடைவெளி இதுவேயாகும். மெதுவான கதியில் தனித்து ஒலிக்கும்போது இவ்விடைவெளி அமைதியின்மையைத் தருகிறது.

வளர்ச்சி

1980களில் மெட்டல் இசை வேகத்தை நோக்கிச் சென்றபோது, சில குழுக்கள் மெதுவான ரிஃப்களுக்கே திரும்பின. அமெரிக்காவின் செயிண்ட் வைட்டஸ், டிரபிள் ஆகியவற்றின் முதல் தொகுப்புகள் 1984 இல் வெளிவந்தன. சுவீடனின் கேண்டில்மாஸ் 1986 இல் எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ் தொகுப்பை வெளியிட்டது.

கலிபோர்னியாவின் ஸ்லீப் குழு 1990களின் நடுவில் ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீளும் ஒரே பாடலைத் தொகுப்பாகப் பதிவு செய்தது. ஒலிப்பதிவு நிறுவனம் அதனை வெளியிட மறுத்தது, குழுவும் கலைந்தது. சுருக்கப்பட்ட வடிவம் 1999 இல் ஜெருசலேம் என்ற பெயரிலும், முழு வடிவம் 2003 இல் டோப்ஸ்மோக்கர் என்ற பெயரிலும் வெளிவந்தன. 2009 இல் மீண்டும் இணைந்த இக்குழு, 2018 இல் த சயன்சஸ் தொகுப்பை வெளியிட்டது.

பிளாக் சாபத்தின் தொடக்க கால உறுப்பினர்கள் நால்வரும் 2025 சூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் அரங்கில் இறுதியாக ஒன்றாக இசைத்தனர். பாடகர் ஓசி ஒஸ்போர்ன் அதே மாதம் 22 அன்று காலமானார்.

குறிப்பிடத்தக்க பிற தொகுப்புகள்

* பாரஸ்ட் ஆஃப் ஈக்குவிலிப்ரியம் – கதீட்ரல் (1991)
* ஸ்லீப்ஸ் ஹோலி மவுண்டன் – ஸ்லீப் (1992)
* டோப்த்ரோன் – எலெக்ட்ரிக் விசார்ட் (2000)