ஆவடி: பெயர் முதலில், டாங்கி பிறகு

ஆவடிக்கு அந்தப் பேர் எப்படி வந்துச்சு என்று கேட்டால், எங்க ஏரியாவில் உடனே பதில் வரும்: 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா'வின் முதலெழுத்துகள், டாங்கி தொழிற்சாலை வந்தப்போ வைத்தது.

1955 ஜனவரி செய்தித்தாள்களைப் புரட்டினால் இந்தக் கதை நிற்காது. யு. என். தேபர் தலைமையில் காங்கிரஸின் 60-வது மாநாடு நடந்த ஊர் ஆவடி. மாநாட்டுத் திடலுக்குத்தான் சத்தியமூர்த்தி நகர் என்று புதுப்பெயர். அவர் காமராஜரின் அரசியல் குரு. 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானத்தால் ஆவடி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது.

கனரக வாகனத் தொழிற்சாலை 1960-களில்தான் வந்தது; விஜயந்தா டாங்கி அங்கே 1965-இல் தயாரானது. ஆக, பெயர் மூத்தது. ராணுவம்தான் ஊரை உண்டாக்கியது என்றே சொல்லிப் பழகினால், அதற்கு முன்னாடி அங்கே ஏரித் தண்ணீரில் பயிர் வைத்தவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுவார்கள்.