சைதாப்பேட்டையிலிருந்து தாம்பரம் வரை: கல்வியியலும் சமூகம் பற்றிய வினாவும்

முன்னுரை

கல்வியியல் என்பது கற்பிக்கும் முறையைப் பயில்வதா, கல்வி சமூகத்தில் ஆற்றும் பணியை ஆராய்வதா? சென்னைப் பல்கலைக்கழகச் சூழலில் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனி வழிகளில் சென்றன. அப்பிரிவின் வரலாற்றையும், அதனைக் கடப்பதற்குத் தென்சென்னைப் புறநகர் அளிக்கும் வாய்ப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பயிற்சியாகத் தொடங்கிய துறை

1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, பல்கலைக்கழகங்களையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒருசேர வலியுறுத்தியது. அதன் விளைவாகச் சென்னையில் 1856இல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியும், 1857இல் பல்கலைக்கழகமும் தோன்றின. அப்பள்ளி பின்னர்க் கல்லூரியாக உயர்ந்து சைதாப்பேட்டையில் நிலைபெற்றது. பல்கலைக்கழகம் வழங்கிய எல்.டி. பட்டத்தின் நோக்கம் தகுதி வாய்ந்த பள்ளி ஆசிரியரை உருவாக்குவது. எனவே, கற்பிக்கும் முறை, பள்ளி நிருவாகம், வகுப்பறைப் பயிற்சி ஆகியவையே முதன்மை பெற்றன.

ஆசிரியர் பயிற்சி சமூக ஆய்வை விலக்கியே அமைய வேண்டும் என்பதில்லை. 1887இல் பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியேற்ற எமில் துர்க்கைம், கல்வியியலையும் சமூக அறிவியலையும் ஒருங்கே கற்பித்தார். பள்ளி என்பது சமூகம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் இடம் என்னும் பார்வை அங்கே பயிற்சியின் பகுதியாகவே இருந்தது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே எழுந்த வினாக்கள்

கல்வியால் பயன்பெறுவோர் யார் என்னும் வினா தமிழகத்தில் நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பொதுமேடையிலும் கூர்மை பெற்றது. கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஒதுக்கீடு குறித்த செண்பகம் துரைராசன் வழக்கு, 1951இல் அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு வழிவகுத்தது. 1953இல் இராஜாஜி அரசு ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரைநாள் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. குலக்கல்வித் திட்டம் எனக் கடும் எதிர்ப்புக்குள்ளான அது, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. மூன்றும் கல்விச் சமூகவியலின் அடிப்படை வினாக்கள். எனினும் அவற்றின் முதன்மைக் களம் பல்கலைக்கழகம் அன்று.

தாம்பரத்திலிருந்து வந்த பொருளியலாளர்

1964-66 கோத்தாரிக் குழு, கல்வியியலைத் தனி அறிவுத்துறையாகக் கருதிப் பட்டப் படிப்புகளில் விருப்பப் பாடமாகச் சேர்க்கப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் அத்தகைய பார்வைக்கு வலுவூட்டியவருள் மால்கம் ஆதிசேசையா குறிப்பிடத்தக்கவர். 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 1940களில் பொருளியல் கற்பித்த அவர், பின்னர் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநரானார். 1971இல் அடையாற்றில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார். 1975 முதல் 1978 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். 1978இல் அவர் தலைமையிலான குழு, மேல்நிலைக் கல்வியை உழைப்புலகோடு இணைத்து ஆராய்ந்தது. கல்வியை வளர்ச்சியின் பகுதியாகக் காணும் இப்பார்வை ஆசிரியர் பயிற்சிக்கு வெளியே, பொருளியல் வழியாக வந்தது என்பது கருதத்தக்கது.

முடிவுரை

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கப்பட்டது. இன்றைய பி.எட். பாடத்திட்டத்தில் சமகால இந்தியாவும் கல்வியும் ஒரு தாளாக உள்ளது. தேர்வுக்குரிய தாளாக வந்த சமூகம், ஆய்வுக்குரிய களமாகவும் ஆக வேண்டும். அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சைதாப்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடைப்பட்ட அடையாற்றங்கரை ஊரான பொழிச்சலூர், சிற்றூராக இருந்து புறநகராக மாறியது. இத்தகைய ஊர்களின் பழம்பள்ளிகளில் சேர்க்கைப் பதிவேடுகள் எஞ்சியிருப்பின், பெற்றோர் தொழில், சாதி, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைக் கொண்டு சில வினாக்களுக்கு விடை தேடலாம். அரைநாள் திட்டக் காலத்தில் இடைநின்றவர் யார்? மதிய உணவுக்குப் பின் புதிதாகச் சேர்ந்தவர் யார்? பயிற்சி பெறும் ஆசிரியரே இவ்வினாக்களை எழுப்பும்போது, பிரிந்து நின்ற இரு வழிகளும் ஒன்றுசேரும். தாள்கள் செல்லரிப்பதற்கு முன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.