கர்துங் லா, ஸ்டெல்வியோ: எது வெளிநாடு?

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியைக் கடந்து போகும் ஓசூர் சாலைக்கு அரசு ஏட்டில் தேசிய நெடுஞ்சாலை 44 என்று பெயர். தெற்கே கன்னியாகுமரியில் முடியும் இந்தச் சாலையின் வடமுனை ஸ்ரீநகர். அங்கிருந்து சோஜி லா கணவாயைத் தாண்டினால் லடாக். கே.ஏ. 51, கே.ஏ. 59, டி.என். 70 என்று மூன்று ஆர்.டி.ஓ. வண்டிகளும் கலந்து ஓடும் இந்த வட்டாரத்தில், ஒருநாள் இதே சாலையில் லே வரை போய்விட வேண்டும் என்று ஆசைப்படாத பைக் பிரியர் குறைவு. ஆனால் ஒருவழித் தூரமே மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். கிடைக்கிற விடுப்பு போகவும் வரவுமே சரியாகிவிடும். அதனால் பலரும் விமானத்தில் போய் இறங்கி, அங்கேயே வண்டியை வாடகைக்கு எடுக்கிறார்கள்.

விமானம்தான் என்று முடிவான பிறகு ஆல்ப்ஸும் கணக்கில் வந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து மியூனிக்குக்கு 2023 இறுதியிலிருந்து நேரடி விமானம் உண்டு. இரண்டு மலைகளுக்கும் பருவம் ஒன்றே: ஜூன் முதல் செப்டம்பர் வரை. எனவே ஒரே விடுப்புக்கு இரண்டும் போட்டி போடுகின்றன. லே நம் நாடு, எளிது, முதலில் அதை முடிப்போம். ஆல்ப்ஸ் வெளிநாடு, அனுபவம் வந்த பிறகு பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான கணக்கு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பாதிதான் சரி.

தாளும் பணமும்

லேயில் சாங்ஸ்பா, ஃபோர்ட் ரோடு பக்கம் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஒன்றுக்கு நாள் வாடகை சுமார் 2,000 ரூபாய். அசல் அடையாள அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டியைச் சுற்றி வந்து கீறல்களைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, சாவியைக் கொடுத்துவிடுவார்கள். உள்ளூர்ச் சங்கத்தின் கட்டுப்பாடு ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மணாலியிலோ டெல்லியிலோ எடுத்த வாடகை வண்டியில் லே வரை வரலாம், பாங்காங் ஏரிக்கோ நூப்ராவுக்கோ போக விடமாட்டார்கள். அதற்கு லடாக் வண்டியைத்தான் எடுக்க வேண்டும்.

ஆல்ப்ஸில் நாள் வாடகை நடுத்தர வண்டிக்கே 100 முதல் 150 யூரோ. அதற்கு முன் ஷெங்கன் விசா: கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு. கடையில் கிரெடிட் கார்டில் ஆயிரம் யூரோவுக்கு மேல் டெபாசிட்டாக நிறுத்தி வைப்பார்கள். காப்பீடு இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட தொகை வரையான சேதம் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான். தார் போடாத பாதையில் ஓட்டக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்கும். வேகக் கேமராவில் சிக்கினால் அபராதம் சில மாதம் கழித்து, கடையின் கையாளல் கட்டணத்தையும் சேர்த்துக்கொண்டு வீடு தேடி வரும்.

உரிமத்தில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஐரோப்பாவில் இருசக்கர உரிமம் படிப்படியானது: முதலில் 125 சி.சி., பிறகு 35 கிலோவாட், அதற்குப் பிறகே பெரிய வண்டி. நாம் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கும் கியர் வண்டி உரிமத்துக்கு சி.சி. வரம்பு கிடையாது. அதோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியை வைத்திருந்தால் இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் ஆயிரம் சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைக்கூடக் கேட்கலாம். வயதும் அனுபவமும் பார்த்துக் கடைக்காரர் மறுக்கலாம். இந்த அனுமதிக்கு ஆர்.டி.ஓ. கட்டணம் 1,000 ரூபாய், ஆயுள் ஓராண்டு.

ஆனால் அந்தத் தாள் எல்லா நாட்டிலும் செல்லாது. இந்தியா தருவது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படியான அனுமதி. இப்போது நம்மவர்கள் விரும்பிப் போகும் வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதையில், 1968 வியன்னா ஒப்பந்தப்படியான அனுமதியைத்தான் ஏற்கிறார்கள். வண்டி வாடகைக்குக் கிடைத்துவிடும். விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காது. இலங்கையில் நம் அனுமதியோடு உள்ளூர் ஒப்புதலும் வாங்க வேண்டும். வாடகைக் கடை சாவி கொடுத்துவிட்டது என்பதற்காக ஓட்டும் உரிமை வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இந்த வகையில் ஆல்ப்ஸ்தான் தூரம். ஆனால் அந்தத் தூரத்தை ஹெப்பகோடியில் உட்கார்ந்தே, மாதக் கணக்கில் முன்கூட்டியே கடந்துவிட முடியும்.

உயரம்

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை, ஹோக்டோர் கணவாயில் 2,504 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர். ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவில் நின்று டீ குடித்தவர் உடம்புக்கு ஆல்ப்ஸ் கணவாய் புதிதில்லை.

லே நகரமே 3,500 மீட்டர். பெங்களூரின் 900 சொச்சம் மீட்டரில் காலை காபி குடித்துவிட்டு விமானம் ஏறினால், அன்றே அங்கே இறங்கிவிடலாம். உடம்பு வந்து சேர இரண்டு நாளாகும். அந்த 48 மணி நேரம் ஓய்வில் இருக்க வேண்டும் என்று லடாக் நிர்வாகமே சொல்கிறது. லேக்கு மேலே உள்ள கர்துங் லா கணவாய் சுமார் 5,359 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதி. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இளைஞர், முதியவர் பார்த்து வருவதில்லை. தினமும் ஜிம் போகிறவரையும் படுக்க வைத்துவிடும். மூளை மந்தமாகும்போது பிரேக் பிடிக்கும் கையும் மந்தமாகிறது. வண்டிக்கும் அதே மூச்சுத் திணறல்தான்: இன்ஜெக்‌ஷன் எஞ்சின் பெட்ரோல் அளவைச் சரிசெய்துகொள்ளும், இழந்த இழுவையைத் திருப்பித் தராது.

வளைவும் பாதையும்

ஆஸ்திரியப் பேரரசு காலத்தில், 1820க்கும் 1825க்கும் இடையே, கார்லோ டோனேகானி என்ற பொறியாளர் அமைத்த பாதை ஸ்டெல்வியோ. வடகிழக்குச் சரிவில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. நம் கொல்லிமலையில் எழுபது, ஏற்காட்டில் இருபது. வளைவு எண்ணி ஓட்டுவது நமக்குப் பழக்கமானதுதான்.

அங்கே குழப்புவது திசை. இங்கே இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது வளைவுதான் குறுகலானது. வலது வளைவு அகலமாகக் கிடைக்கும். அங்கே எல்லாமே தலைகீழ். வலது வளைவில்தான் சுவரை ஒட்டி, ஏறக்குறைய நடக்கும் வேகத்தில், முதல் கியரில் திருப்ப வேண்டும். பழக்க தோஷத்தில் அகலமாகப் போனால் எதிரே வரும் வண்டிக்கு நேராக நிற்போம். வளைவுக்குள் நுழைந்த பிறகு கிளட்ச்சைப் பிடித்தால் கனமான வண்டி சாய்ந்துவிடும். கியரை முன்பே இறக்கி, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, பார்வையைச் சாலை போகும் பக்கம் திருப்ப வேண்டும். கொல்லிமலையில் சில வார இறுதிகள் ஓட்டினால் இந்தக் கைப்பழக்கம் வந்துவிடும். மற்றபடி, பின்னால் வேகமாக வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுவது, சுவிட்சர்லாந்தின் மலைச்சாலைகளில் மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும் மஞ்சள் அஞ்சல் பேருந்துக்கு முன்னுரிமை தருவது போன்ற பழக்கங்கள் போதும்.

லடாக் பக்கம் வந்தால், மணாலி–லே சாலை ஏறத்தாழ 430 கிலோமீட்டர். 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் ரோத்தங் கணவாயின் தொல்லையைப் போக்கிவிட்டது. ஆனால் பாரலாச்சா, நக்கீ, லாச்சுலுங், தங்லங் என்று நான்கு கணவாய்கள் மீதி. கட்டா லூப்ஸில் 21 வளைவுகள்தான். கடினம் வளைவில் இல்லை. சாலையின் குறுக்கே ஓடும் பனியுருகு நீரில் இருக்கிறது. காலையில் கணுக்கால் அளவு ஓடும் நாலா, வெயில் ஏற ஏறப் பெருகிப் பிற்பகலில் முழங்காலைத் தொடும். அடியில் உருளும் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. விடியலில் கிளம்ப வேண்டும் என்று ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். இந்தப் பாடத்தைப் படிக்க ஓசூரைச் சுற்றி எங்கும் இடமில்லை.

வண்டி நின்றால்

இரண்டு மலைகளுக்கும் பொதுவான செய்தி ஒன்று ஹெப்பகோடிக்காரருக்குப் பிடிக்கும். லேயில் ஓடும் ஹிமாலயன், ராயல் என்ஃபீல்டின் சென்னை ஆலைகளில் பிறந்தது. பி.எம்.டபிள்யூ.வின் ஜி 310 ஜி.எஸ்., டி.வி.எஸ்.ஸுடனான 2013 ஒப்பந்தத்தின் விளைவாக ஓசூர் ஆலையில் தயாராகி உலகமெங்கும் போனது. மியூனிக் கடையில் அது கிடைத்தால், ஹெப்பகோடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் செய்த வண்டியை யூரோ கொடுத்து வாடகைக்கு எடுக்கிறோம்.

ஆனால் வண்டி நின்றுபோனால் நடப்பது வேறு. ஆல்ப்ஸில் 112 என்ற அவசர உதவி எண் இருக்கிறது, ஜெர்மனியில் ஏ.டி.ஏ.சி. இருக்கிறது. 1903இல் மோட்டார் சைக்கிள்காரர்களின் சங்கமாகத் தொடங்கிய அது, இன்று நாடெங்கும் சாலையோர உதவி தருகிறது. பெட்ரோலுக்கும் பஞ்சமில்லை, ஸ்டெல்வியோவுக்குப் பக்கத்து லிவிஞ்ஞோ வரியில்லா ஊர் என்பதால் அங்கே விலையும் மலிவு.

லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு இருந்தாலும் வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. மணாலி–லே சாலையில் தாண்டி என்ற ஊரில் நிரப்பிய பிறகு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதால் கேனைக் கட்டிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் டியூப், கிளட்ச் கேபிள், லீவர் எல்லாம் பையில் போட்டுக் கொடுப்பார். பயன்படுத்தினால் காசு, இல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டும். அந்தப் பையே சொல்லிவிடுகிறது, மெக்கானிக் யார் என்று. பஞ்சர் ஒட்டவும் கிளட்ச் கேபிள் மாற்றவும் தெரியாதவர், தெரிந்த ஒருவரோடு போவதே நல்லது. பழுது அதற்கு மேல் போனால் எல்லைச் சாலை அமைப்பின் முகாமோ, வழியில் வரும் லாரியோதான் துணை.

முடிவு

பர்ஸைக் கேட்டால் லே என்றுதான் சொல்லும். ஆல்ப்ஸ் செலவில் லேக்குப் பலமுறை போய் வரலாம். பணம் தடையில்லாதவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஆல்ப்ஸ் கேட்பவை விசா, அனுமதி, காப்பீடு, வலப்பக்க வளைவு. நான்கையும் ஊர்ப்பக்கமே தயார் செய்துவிடலாம். லடாக் கேட்பவை உயரம், நாலா, தனிமை. மூன்றையும் அங்கே போய்த்தான் சந்திக்க முடியும். பாஸ்போர்ட் கேட்காததாலேயே அது எளிதாகத் தெரிகிறது. ஆகவே ஆல்ப்ஸ் போகிறவர் கிளம்பும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்கட்டும். லே போகிறவர் விடுப்பில் இறங்கிய பின் இரண்டு நாளையும், நிலச்சரிவுக்கு இரண்டு நாளையும் ஒதுக்கி, மீதி நாளுக்கு மட்டும் வாடகை பேசட்டும். அப்படி ஒதுக்க நாள் இல்லாதவருக்கு அந்த ஆண்டு ஆல்ப்ஸ்தான் பக்கம்.