பால்மரமும் ஜீப் வண்டியின் கால்களும்

பினாங்குத் துறைமுகத்தை அறியாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே இல்லை. நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிய நம் முன்னோர் பலர் முதலில் கால் வைத்த கரை அதுதான். அவர்கள் வெட்டிய பால் ஷீட்டாகிப் புகைக்கூடத்தில் காய்ந்து, கட்டுக் கட்டாகத் தொங்கான்களில் ஏறிக் கப்பலுக்குப் போனதும் அதே கரையிலிருந்துதான். போன பால் எங்கே போயிற்று? பெரும்பகுதி டயராயிற்று. அந்த டயரின் கதையை இன்று பார்ப்போம்.

1888இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த டயரைச் செய்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1896இல், மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் இந்நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, காடு அழிந்து பால்மரம் நின்றது. மரத்தோடு லயமும் வந்தது. லயத்தோடு நாமும் வந்தோம்.

1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலாயாவின் ரப்பரை இழந்த நேச நாடுகள் செயற்கை ரப்பருக்குப் பெரும் ஆலைகளைக் கட்டின. ஆனாலும் கனரக வண்டிகளின் டயருக்கு இன்றும் நம் மரத்துப் பால் வேண்டியிருக்கிறது. ஓடும்போது அது குறைவாகவே சூடேறும். கல்லில் கிழிவதும் குறைவு.

அந்தப் போரில் பேர்பெற்றது வில்லிஸ் ஜீப். 1948இல் பிரிட்டனில் லேண்ட் ரோவர் வந்தது. இரண்டும் தொடக்கத்தில் 6.00-16 என்ற டயரில் ஓடின. அதாவது, டயரின் அகலம் 6 அங்குலம். உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம் 16 அங்குலம். இன்றைய பார்வைக்கு ஒல்லியான டயர்தான். ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. மேலே சேறும் அடியில் கெட்டித் தரையும் உள்ள செம்மண் சாலையில் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி, அடித்தரையைப் பிடிக்கும். அடியே இல்லாத மணலுக்கும் சதுப்புக்கும் அகல டயர் வேண்டும். அல்லது இருக்கிற டயரின் காற்றைச் சற்றுக் குறைத்தால் அது பரவி நிற்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்பிவிட வேண்டும். இல்லையேல் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

டயர் கால் என்றால் ஸ்பிரிங் முழங்கால். அக்கால வண்டிகளுக்குப் பட்டை ஸ்பிரிங்தான். 1970இல் ரேஞ்ச் ரோவர் சுருள் ஸ்பிரிங்குடன் வந்தது. சக்கரம் மேட்டிலும் பள்ளத்திலும் தாராளமாக ஏறி இறங்கித் தரையோடு ஒட்டி ஓடியது. பாரம் சுமக்கப் பட்டை சேர்ப்பது வழக்கம். ஆனால் பாரம் இல்லாத வேளையில் அதே வண்டி துள்ளும். துள்ளும் சக்கரத்துக்கு ஏது பிடிப்பு?

இப்போது நம் பிள்ளைகள் சிலர் பழைய ஜீப்பை வாங்கி, உயர்த்தி, பெரிய டயர் மாட்டுகிறார்கள். அழகுதான். கணக்கும் பார்க்க வேண்டும் அல்லவா? 29 அங்குல உயர டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால் வண்டியின் அடிப்பகுதிக்குக் கிடைப்பது ஒரே ஓர் அங்குல உயரம். அதற்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது. வேகமானி 100 காட்டும்போது வண்டி 107 வரை ஓடும். பிரேக் பிடித்தால் நிற்க நேரமாகும். திருப்பத்தில் டயர் மட்கார்டில் உரசலாம். ஸ்பிரிங்கையும் உயர்த்திவிட்டால் சரிவில் கவிழும் ஆபத்தும் கூடும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் பாதையும் பாரமும், அடுத்து அதற்கேற்ற ஸ்பிரிங், கடைசியில் அந்த இடத்துக்குள் அடங்கும் டயர். மழை இரவில், பிரசவ வலியில் துடிக்கும் ஒரு பெண்ணை அந்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விரையும் நேரம் வரலாம். அன்று வண்டியின் கம்பீரம் உதவாது. அது கவிழாமல் போய்ச் சேர்வதே உதவும்.

இன்று பினாங்குத் துறைமுகத்தின் சரக்கு வேலை பெரும்பாலும் பட்டர்வொர்த் கரையில் நடக்கிறது. பால்மரம் நின்ற இடம் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் சேற்றில் உருளும் கனத்த டயர் ஒன்றைக் காணும்போது, விடியுமுன் விளக்கோடு நிரைக்குப் போன நம் பாட்டிமாரை நினைத்துக்கொள்வோம். உலகம் உருள்வதில் அவர்கள் கைக்கும் பங்கு உண்டு. அந்த உழைப்பில் பிறந்த பொருளை அறிவோடு கையாள்வதே நாம் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.