ஹந்தானையில் எடுத்த ‘இந்தியா’

‘லைவ் அக்‌ஷன்’ என்பதைச் சிலர் ‘நேரடிப் படம்’ என்றும் சிலர் ‘உண்மைப் படம்’ என்றும் தமிழில் எழுதுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. நேரடி என்றால் நிகழும்போதே ஒலி, ஒளிபரப்பாவது. உண்மை என்பதோ அதைவிடப் பெரிய வார்த்தை. இச்சொல் குறிப்பது ஒரு முறையை மட்டுமே: வரைந்தோ பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தியோ அசைவூட்டாமல், ஆட்களைக் கமராவின் முன் நடிக்கவைத்துப் பிடிப்பது. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த ‘தி மெசேஜ்’ அவ்வகை. நபிகள் நாயகம் (ஸல்) வரலாற்றையே சொன்ன 2002ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படம் மறுவகை. நாயகத்தின் உருவத்தை இரண்டுமே காட்டவில்லை.

பேசும்படம் வந்த பிறகுதானே பழையவை ‘மௌனப்படம்’ ஆயின? அதுபோல, கார்ட்டூன் வளர்ந்த பிறகே மற்றப் படங்களுக்கும் ஓர் அடைமொழி தேவைப்பட்டது.

நமது மலைகளிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ 1984இல் வெளிவந்தது. கதை நடப்பது இந்தியாவில். திரைக்கதையை ஏற்காத இந்திய அரசு அனுமதி மறுக்கவே, 1983 ஏப்ரலில் குழு கண்டிக்கு வந்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டம் இந்தியக் கிராமமாயிற்று. அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த விக்டோரியா அணைக்கு அருகே, பள்ளத்தாக்கின் மேல் கயிற்றுப் பாலம் போட்டார்கள். பாலம் மெய்யானது, அறுத்ததும் மெய்யாகவே. ஆனால் அதிலிருந்து கையைக் காலை உதறிக்கொண்டு விழுந்தவை பொம்மைகள்! தூரத்தே தெரியும் அரண்மனை தூரிகை வேலை. சுரங்க வண்டித் துரத்தலில் பல இடங்களில் சிறிய மாதிரி உருவங்களை நகர்த்தி நகர்த்திப் பிடித்தார்கள். அது சுத்தமான அசைவூட்டம். காட்சி வித்தைகளுக்கான ஒஸ்கார் விருதும் அப்படத்துக்கே கிடைத்தது. இருந்தும் அதை எவரும் கார்ட்டூன் படம் என்பதில்லை.

பொம்மையும் தூரிகையும் என்னை உறுத்தவில்லை. அவை சினிமாவின் தொழில். உறுத்துவது, வரையாமல் பிடித்த பகுதிதான். கிராமத்து மூப்பராக வந்தவர் நம்நாட்டு நடிகர் டீ.ஆர். நாணயக்கார. ஆங்கிலம் அறியாத அவர், ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி நடித்தார். முகங்கள் மெய், மலை மெய், தேயிலை மண்ணும் மெய். ஆனால் அந்த ‘இந்திய’க் கிராமத்தவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது சிங்களத்தில். உலகெங்கும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அதை இந்திய மொழி என்றே எண்ணியிருப்பார்கள். கண்டியில் வாழும் நமக்கல்லவா அது காதில் விழுகிறது!

ஆகவே ‘உண்மைப் படம்’ வேண்டாம். ‘ஆள் நடித்த படம்’ என்று நான் வகுப்பில் சொல்லி வருகிறேன். இதைவிட நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதட்டும்.