போர்ட்டிக்சன்: ஒரு துறைமுகத்தின் எழுச்சியும் ஒடுக்கமும்

பழந்தமிழர் நெய்தல் நிலத்து ஊர்களைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் வழங்கினர். பட்டினங்களுள் தலைசிறந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, கடல்வழியே வந்திறங்கிய பொருளோடு உள்நாட்டினின்று வந்து குவிந்த பொருளையும் சேர்த்தே பேசுகின்றது. கடல்வழியும் உள்நாட்டு வளமும் ஒருங்கே அமையாத இடத்தில் கரை இருக்கலாம். கப்பலும் வந்து ஒதுங்கலாம். ஆனால் துறைமுகம் நிலைப்பதில்லை. இவ்வுண்மைக்கு அண்மைக் கால வரலாற்றில் நல்லதொரு சான்றாக விளங்குவது, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக் கடற்கரை ஊராகிய போர்ட்டிக்சன்.

இன்று அவ்வூரின் பெயரைக் கேட்போர்க்கு நினைவில் எழுவன கடற்குளியலும் விடுமுறை விடுதிகளுமே ஆகும். ஒரு காலத்தில் ஈயமும் காப்பியும் ரப்பரும் அதன் வழியே கடலேறின என்பதைப் பலர் அறியார். அதன் எழுச்சிக்குக் காரணம் எதுவோ, அதன் ஒடுக்கத்திற்கும் அதுவே காரணமாயிற்று.

உலகின் பெருந்துறைமுகங்கட்கும் இந்நியதியே பொருந்தும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பாஸ்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய மூன்று துறைமுகங்கள் வாணிகத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டு வந்தன. 1825-ஆம் ஆண்டில் ஈரீ கால்வாய் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கால்வாய், ஈரீ ஏரியை ஹட்சன் ஆற்றோடு இணைத்தது. அதன்பின் மேற்குப் பகுதிகளின் தானியமும் மரமும் நியூயார்க்கை நோக்கி வந்தன. மற்ற இரு நகரங்களும் பின்தங்கின. நியூயார்க்கின் துறை இயற்கையிலேயே சிறந்ததுதான். ஆயினும் பரந்த உள்நாடு அதன் பின்னே வந்து சேர்ந்த பிறகே அது ஈடிணையற்ற துறைமுக நகரமாயிற்று.

போர்ட்டிக்சனின் உள்நாடு, சுங்கை ஊஜோங் என்று வழங்கிய சிரம்பான் வட்டாரமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே எடுக்கப்பட்ட ஈயம் லிங்கி ஆற்றின் வழியே படகுகளில் மலாக்காவுக்குச் சென்றது. ஆற்றங்கரையில் ஆங்காங்கே அதிகாரம் செலுத்திய தலைவர்கள் படகுகளை மறித்துச் சுங்கம் வாங்கினர். சுங்கம் யாருக்கு உரியது என்பதில் பூசல்கள் எழுந்தன. மலாக்காவிலிருந்த வணிகர் ஆங்கில அரசிடம் முறையிட்டனர். 1874-ஆம் ஆண்டில் சுங்கை ஊஜோங்கின் தலைவரான டத்தோ கெலானா ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். நெகிரி செம்பிலானில் ஆங்கில ஆட்சி கால்கொண்ட வரலாற்றில் ஆற்றுச் சுங்கத்திற்கும் பெரும்பங்கு உண்டு எனலாம்.

இதே கரையில் சற்று வடக்கே உள்ள லுக்குட், போர்ட்டிக்சனுக்கு முன்னோடியாக இருந்தது. 1846-ஆம் ஆண்டில் சிலாங்கூர் சுல்தானிடமிருந்து அப்பகுதியைப் பெற்ற ராஜா ஜும்மாட், சீனத் தொழிலாளரைக் கொண்டு ஈயச் சுரங்கங்களைப் பெருக்கினார். குன்றின்மேல் கோட்டையும் கட்டினார். அவர் 1864-இல் மறைந்தபின் லுக்குட்டின் சீர் குன்றியது. ஈயமும் அருகியது, நல்லாட்சியும் தளர்ந்தது. ஊர் மட்டும் எஞ்சியது. போர்ட்டிக்சனுக்குப் பிற்காலத்தில் நேரவிருந்ததை லுக்குட் முன்னரே காட்டியது எனலாம்.

ஆற்றை நம்பியிருந்த வாணிகத்தின் போக்கை 1891-ஆம் ஆண்டு மாற்றியது. சிரம்பானிலிருந்து கடற்கரைவரை சுமார் 39 கிலோமீட்டர் தொலைவுக்குத் தனியார் நிறுவனமொன்று புகைவண்டிப் பாதை அமைத்தது. தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை, கோலாலம்பூர்–கிள்ளான் பாதை ஆகியவற்றுக்கு அடுத்து மலாய் நாடுகளில் திறக்கப்பட்ட பாதை இதுவே. அது சென்று முடிந்த சிற்றூர், கரியைக் குறிக்கும் 'ஆராங்' என்னும் மலாய்ப் பெயரால் வழங்கி வந்தது. அவ்வூருக்கு நீரிணைக் குடியேற்றங்களின் குடியேற்றச் செயலாளராக இருந்த சர் ஜான் பிரடெரிக் டிக்சன் என்பாரின் பெயர் இடப்பட்டது. இவர் முன்னர் இலங்கையில் வடமத்திய மாகாணத்தின் அரசாங்க அதிபராக இருந்தவர்; பாலி மொழி நூல்களைப் பதிப்பித்த அறிஞருமாவார்.

புகைவண்டி வந்த காலத்தில் சிரம்பான் வட்டாரத்துத் தோட்டங்களில் காப்பி பயிராயிற்று. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் பெருகவே விலை வீழ்ந்தது. தோட்டத் துரைமார் ரப்பருக்கு மாறினர். லுக்குட், சிலியாவ், ரந்தாவ், லிங்கி, சுவா பெத்தோங் முதலிய இடங்களில் காடுகள் அழிந்து பால்மரங்கள் எழுந்தன. அக்காடுகளை வெட்டியவரும், கன்று நட்டவரும், விடியுமுன் பிரட்டுக்கு நின்று பால்வெட்டப் போனவரும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று ஆள்சேர்த்து வந்த முறை, இந்திய அரசு 1938-இல் தடைவிதிக்கும்வரை நீடித்தது. தண்டவாளம் பேணிய தொழிலாளருள்ளும் தமிழர் மிகுதி. புகைவண்டி நிலையங்களிலும் அலுவலகங்களிலும் எழுத்து வேலை பார்த்தவருள் யாழ்ப்பாணத் தமிழர் மிகப்பலர்.

மலாயா ரப்பரைப் பேரளவில் வாங்கிய நாடு அமெரிக்கா. ஒகாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் 1898-இல் குட்இயர் நிறுவனமும் 1900-இல் பயர்ஸ்டோன் நிறுவனமும் தோன்றின. 1908-இல் போர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் வெளிவந்தது. அதன்பின் சக்கரங்களுக்கு வேண்டிய ரப்பருக்கு எல்லையில்லாமற் போயிற்று. சிலியாவில் பால்வெட்டிய தமிழரும் ஆக்ரனில் டயர் செய்த தொழிலாளரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே வாணிகத்தின் இரு முனைகளில் நின்றனர்.

ரப்பர் பெருகிய காலத்தில் போர்ட்டிக்சனும் பெரிய துறைமுகமாக வளர்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. 1901-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1903-இல் பிறையிலிருந்து தெற்கே வந்த பெரும்பாதை சிரம்பானை அடைந்தது. தனியார் வசமிருந்த சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதையை 1908-இல் அரசு வாங்கியது. 1909-இல் வடக்கே பிறையும் தெற்கே ஜொகூரும் ஒரே பாதையால் இணைந்தன. அதுவரை கடலுக்குச் செல்ல ஒரே வாயிலைப் பெற்றிருந்த சிரம்பானுக்கு, இப்பொழுது வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு பெரிய வாயில்கள் திறந்தன. சரக்குகள் மெல்ல மெல்லப் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பின. தாயகத்திலிருந்து வந்த தொழிலாளரும் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கிப் புகைவண்டி ஏறியே நெகிரி செம்பிலான் தோட்டங்களை அடைந்தனர்.

தமிழகத்துக் கொற்கையின் கதை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. தாமிரவருணி கொணர்ந்த மண்ணால் கரை முன்னேற, முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை கடலை விட்டு உள்ளே ஒதுங்கிவிட்டது. போர்ட்டிக்சனில் கடல் விலகவில்லை, விலகியது உள்நாடே. கொற்கைக்குக் கேடு ஆற்றால் வந்தது. போர்ட்டிக்சனுக்குத் தண்டவாளத்தால் வந்தது. அத்துறைமுகத்தை ஆக்கியதும் தண்டவாளமே என்பது கருதத்தக்கது.

எனினும் அவ்வூர் அழிந்துவிடவில்லை; தன் இயல்பை மாற்றிக்கொண்டது. 1933-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாளில் மலாய்ப் படைப்பிரிவு அங்கே 25 பேரோடு தொடங்கப்பெற்றது. அன்று முதல் அது படையூராகவும் பெயர்பெற்றது. கடற்கரையின் அழகு தோட்டத் துரைமாரையும் அலுவலரையும் ஈர்த்தது. பின்னர்ப் பொதுமக்களையும் ஈர்த்தது. 1963-இல் ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கே இயங்கத் தொடங்கிற்று. பழைய புகைவண்டிப் பாதை கடைசியில் எண்ணெய் கொண்டுசெல்ல மட்டுமே பயன்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதுவும் ஓய்ந்தது.

ஊர் வேறு தொழிலுக்கு மாறியது போலத் தோட்ட மக்கள் எளிதில் மாறிவிட முடியவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது மலாயாவிலிருந்து பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடங்களிற் சிலவற்றில் வீடமைப்பு நகரங்கள் எழுந்தன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்து வெளியேற நேர்ந்தது.

துறைமுக வரலாறு எழுதுவோர் கப்பலையும் ஆளுநரையும் குறிப்பிட்டுவிட்டு அமைவது வழக்கம். துறைமுகம் என்பது உள்நாட்டின் வாயிலே என்றால், அவ்வுள்நாட்டை உருவாக்கிய மக்களை விடுத்த வரலாறு பாதி வரலாறேயாகும். போர்ட்டிக்சன் என்னும் பெயர் அங்கே வாழ்ந்திராத ஓர் அதிகாரியின் நினைவைக் காக்கின்றது. காடு வெட்டியவரின் பெயர் எந்தச் சாலைக்கும் இல்லை. ஆயினும் ஒரு சான்று எஞ்சியுள்ளது. சுவா பெத்தோங், ஆதர்டன், பிராட்வால், லின்சம் எனத் தோட்டங்களின் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அவ்வட்டாரத்தில் உள்ளன. தோட்டம் மறைந்தாலும் அப்பெயர் பள்ளியின் வாயிலில் நிற்கும். அப்பெயர் எவ்வாறு வந்தது, அத்தோட்டத்தின் ரப்பர் எந்தப் பாதையில் சென்று எந்தக் கடலைச் சேர்ந்தது என்று மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், எழுதப்படாத அந்த மறுபாதி வரலாற்றை எழுதத் தொடங்கியவர் ஆவார்.